ஒளியால் எடுத்த அச்சு

முகத்தைக் கல்லிலும் வெண்கலத்திலும் வடிக்கும் கலையை ஒட்டியே, வடிக்காமல் அப்படியே எடுத்துவிட வேண்டும் என்னும் ஆசையும் நெடுங்காலமாக வளர்ந்து வந்திருக்கிறது. கணினியில் உருவாகும் மார்பளவுச் சிலை அவ்வாசையின் அண்மைய வடிவம். அதன் போக்கை மூன்று நிகழ்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

1860இல் லியோனார்ட் வோல்க் என்னும் சிற்பி சிகாகோவில் ஆபிரகாம் லிங்கனின் முகத்தில் சாந்து பூசி அச்செடுத்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, இறுகிய அச்சைக் கழற்றியபோது நெற்றிப்பொட்டின் மயிர்கள் சில அதனோடு பிய்ந்து வந்தன. லிங்கனின் கண்கள் கலங்கின. 1865 பிப்ரவரியில் கிளார்க் மில்ஸ் மற்றோர் அச்செடுத்தார். இடைப்பட்ட காலத்தில் உள்நாட்டுப் போர் நடந்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் மூடிய அந்த இரண்டாம் முகத்தை இறந்தபின் எடுத்தது என்று கருதியவர்களும் உண்டு. அத்தளர்ச்சியை எந்த உளியும் செதுக்கவில்லை. அச்சே அதைச் சுமந்து வந்தது.

அதே 1860களில் பாரிசில் பிரான்சுவா வில்லெம் என்பவர் சாந்தின் துன்பமின்றி இதைச் சாதிக்க முயன்றார். வட்டக் கூடத்தின் நடுவே ஆளை நிறுத்தி, சுற்றிலும் வைத்த 24 கேமராக்களால் படமெடுத்தார். ஒவ்வொரு படத்தின் புறக்கோட்டையும் பாண்டோகிராஃப் கருவியின் ஒரு முனை பின்பற்ற, மறுமுனை களிமண்ணை வெட்டியது. அடுத்த படத்துக்கு மண் 15 பாகை திருப்பப்பட்டது. ஆயினும் வெட்டுகளுக்கு இடையே எஞ்சிய மேடுபள்ளங்களைக் கைதான் இழைத்துச் சீராக்க வேண்டியிருந்தது.

லிங்கனின் அவ்விரு அச்சுகளையும் மனத்திற்கொண்டே, ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் 2014இல் வெள்ளை மாளிகையில் அதிபர் பராக் ஒபாமாவின் உருவத்தைப் பதிவு செய்தனர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு அமைத்த 50 விளக்குகளும் 14 கேமராக்களும் காதிலிருந்து காதுவரை முகத்தின் நுண்வரிகளைப் பதிந்தன. தலையின் பிற பகுதிகளையும் தோள்களையும் கையில் ஏந்தும் ஒளிவருடிகள் தனியே எடுத்தன. இரண்டையும் கணினியில் ஒன்றாக்கிய பின், லேசர் கதிர் தூளை அடுக்கடுக்காக இறுக்கிச் சேர்க்கச் சிலை உருப்பெற்றது. சாந்து இல்லை, வலியில்லை. சில நிமிடங்களே தேவைப்பட்டன.

அவ்வாறாயின் இதில் சிற்பிக்கு என்ன வேலை? 'ஒன்றாக்கிய பின்' என்று மேலே எளிதாகச் சொல்லிவிட்ட இடத்தில்தான் விடை இருக்கிறது. இருவேறு நுணுக்கம் கொண்ட பதிவுகளின் பொருத்துவாய் கண்ணுக்குத் தெரியாதபடி இணைய வேண்டும். ஒளிவருடி எளிதில் பிடிக்காத மயிரை ஒரு திரளாகக் கருதி உருவாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மார்பு எங்கே முடிகிறது என்று முடிவு செய்தாக வேண்டும். மனித உடலில் அப்படியொரு விளிம்பு இல்லை; எனவே எந்தக் கருவியும் அதை அளந்து தர இயலாது. வில்லெமின் கூடத்தில் மண்ணை இழைத்த கை, இங்கே திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது.

அளவை எத்துணை நுட்பமாயினும் அது ஒரு நாளின் முகத்தையே தருகிறது. லிங்கனின் இரு அச்சுகளும் அருகருகே இருப்பதால்தான் இடைப்பட்ட போரை நம்மால் அவற்றில் காண முடிகிறது. ஒரே சிலைக்குள் ஒரு வாழ்நாளைக் கொண்டுவரும் பொறுப்பு இன்னும் மனிதரிடமே இருக்கிறது.