நமத்துப்போன ராடும் ரெண்டாப் போன கப்பலும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆக்லாந்துல தினமும் மழை, போதாக்குறைக்கு வொர்க்‌ஷாப். மாஸ்டர்ஸ்ல மெட்டீரியல்ஸ் பாடம் எடுத்த பாவத்துக்குக் கையில ஹோல்டரைக் குடுத்து வெல்டிங் பண்ணச் சொல்லிட்டாங்க. பட்டறைக்காரர் மகனுக்கு இதென்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். ரெண்டு பிளேட்டை ஒட்டி, மறுநாள் லாடம் மாதிரி வளைச்சா, ஒட்டின இடத்துல வாயைப் பிளந்துடுச்சு.

ராத்திரி திருவெறும்பூருக்குப் போன் போட்டேன். ஆம்பியர் எவ்வளவுன்னு கேட்பார்னு பார்த்தா, அப்பா கேட்டது வேற.

"ராடு பாக்கெட்டை எப்ப பிரிச்ச?"

"மூணு நாள் ஆச்சுப்பா."

"அப்ப நமத்துப் போயிருக்கும்டா."

அப்பளத்துக்குச் சொல்ற வார்த்தை. சிரிச்சுட்டேன். அப்புறம் லைப்ரரில உட்கார்ந்து படிச்சப்பதான் சிரிப்பு அடங்கிச்சு.

உலோகக் கம்பியையே உருக்கி ஒட்டும் வித்தையை 1888-ல் ரஷ்யாவில் ஸ்லாவ்யானோவ் செய்து காட்டினார். ஆனால் வெறும் கம்பி. உருகிய இரும்பு காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒட்டு பொத்தலாக, மொறுமொறுவென்று இருக்கும். கப்பல் பாய்லர்களைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்த சுவீடன்காரர் ஆஸ்கார் செல்பெர்க் கம்பிக்குச் சட்டை போட்டுவிட்டார். கார்பனேட், சிலிகேட் கலந்த குழம்பில் முக்கி உலர்த்தியது, அவ்வளவுதான். அது எரிந்து வரும் புகை காற்றைத் தள்ளி நிறுத்தும், உருகி ஸ்லாக்காக மேலே மூடிக்கொள்ளும். 1904-ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் ஈசாப். நம்மூர் பட்டறைகளிலும் தெரிந்த பெயர்.

அந்தச் சட்டைதான் வம்பும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆர்க் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். விரிசல் உடனே வராது, சில மணி நேரமோ, ஓரிரு நாளோ கழித்துத்தான். 7018 மாதிரி ராடை 350 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் வறுத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். பெல் ஆலைக்கு வேலை செய்யும் பட்டறைகளில் ராடு அவன் இல்லாமல் கதை நடக்காது. அதே வளாகத்தில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்தும் எனக்கு இது தெரியவில்லை :-(

ஒட்டு விட்டால் திட்டு வெல்டருக்குத்தான். 1943 ஜனவரி 16-ம் தேதி அமெரிக்காவில் போர்ட்லாந்து கப்பல் கட்டும் தளத்தில், அலையே இல்லாத தண்ணீரில் கட்டி நிறுத்தியிருந்த ஷெனெக்டடி என்ற புது எண்ணெய்க் கப்பல் பெரும் சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. பழி முதலில் வெல்டிங் மேல் விழுந்தது. குறையும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கப்பல் தகடே குளிரில் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது என்று கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. வெல்டிங் செய்த கப்பல் முழுக்க ஒரே தகடு மாதிரி, ஓட ஆரம்பித்தால் தடுக்க எதுவுமில்லை.

இதைப் படிச்சதிலிருந்து ஹார்பர் பிரிட்ஜ்ல பஸ் போறப்ப காலடியைப் பத்தியே நினைப்பு. நடுப்பாலம் 1959-ல் திறந்தது, நாலே லேன். பத்து வருஷத்துல பத்தாமப் போய், 1969-ல் ஜப்பான்ல செஞ்ச எஃகுப் பெட்டி உத்திரங்களை ரெண்டு பக்கமும் மாட்டி எட்டு லேன் ஆக்கினாங்க. எதிர்பார்த்ததை விட வண்டி கூடி, பின்னாடி அந்தப் பெட்டிகள்ல விரிசல் கண்டு சரி பண்ணினாங்க. அங்கேயும் ஒட்டினவனை யாராவது திட்டியிருப்பாங்களோ என்னவோ.

என் பிளேட்டுக்கு வருவோம். லேப்ல அறுத்துப் பார்த்தா, ரெண்டு பாஸுக்கு நடுவுல ஸ்லாக். சரியாத் தட்டாம அது மேலயே ஓட்டியிருக்கேன். அப்பாகிட்ட சொன்னேன்.

"அப்ப ராடு மேல தப்பில்லையா?"

"அதுவும் நமத்துதான்பா இருந்துச்சு."

"ரெண்டும் சேர்ந்தா எப்படிடா ஒட்டும்?"

வியாழக்கிழமை இன்னொரு பிளேட் தர்றாங்க. ராடு இப்ப அவன்ல இருக்கு.