பீமன் ரதத்து விரிசலும் ஃபெர்குசனின் தீர்ப்பும்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் பீமன் ரதம்தான் நீளமானது. கூண்டு வண்டி மாதிரி வளைந்த கூரை. அந்தப் பாறையில் ஒரு பெரிய விரிசல் உண்டு. போட்டோ எடுக்கிற கூட்டம் அதைக் கவனிப்பதில்லை. கவனித்து எழுதியவர் ஜேம்ஸ் ஃபெர்குசன், 1876-ல் வந்த தன் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில்.

ஃபெர்குசன் வங்காளத்தில் அவுரி வியாபாரம் பார்த்தவர். கட்டடக்கலையை யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை, சொந்த ஆர்வம்தான். அந்த வகையில் நம்ம கட்சி! அவர் சொன்னது இதுதான்: பூகம்பமெல்லாம் காரணமில்லை, வேலையாட்களுக்கு அனுபவம் போதாது. மரக்கூரையைத் தாங்கும் அளவுக்கு மெல்லிய தூண்களை விட்டுவிட்டு உள்ளே குடைந்தார்கள். மேலே இருந்ததோ முழுப் பாறை. குடைந்து முடித்திருந்தால் கீழ்த்தளம் நொறுங்கியிருக்கும். விரிசல் விட்டதைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டார்கள்.

படிக்கும்போது சரின்னுதான் தோணும். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ரதத்தின் உயரம் சுமார் 25 அடி. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். முழு உயரத்துக்கும் கல்லே நின்றாலும் அடியில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் தூண் என்று வைத்துக்கொண்டாலும் 20 கிலோ. நல்ல கருங்கல் 1000 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆக, நொறுங்க வாய்ப்பே இல்லை.

ஆனா கல் நொறுங்கி உடைவதைவிட, இழுபட்டுப் பிளப்பதுதான் சுலபம். இங்கேதான் ஃபெர்குசன் காலத்தில் இல்லாத ஒரு விஷயம் வருகிறது. 1913-ல் இங்லிஸ், தகட்டில் உள்ள நீள்வட்ட ஓட்டையின் முனையில் விசை பல மடங்கு குவியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1921-ல் கிரிஃபித் கண்ணாடியை வைத்துச் சோதனை செய்து, விரிசல் எப்போது தானாக ஓடும் என்பதற்குச் சூத்திரமே கொடுத்தார். புதுப் பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும். விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றல் அதற்குப் போதுமானதாக இருந்தால் பிளவு ஓடும். அதனால் விசை குறையக் குறைய, ஓடுவதற்குத் தேவையான ஆரம்ப விரிசல் நீளமாகிக்கொண்டே போகும்.

ரதத்தின் கூரைப் பாறை தன் எடையால் வளைவதில் வரும் இழுவிசை சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தொடுவதே கஷ்டம். அந்த விசைக்குக் கருங்கல்லில் பிளவு ஓடணும்னா, ஏற்கெனவே இருக்கும் விரிசல் ரதத்தைவிடவே நீளமாக இருக்கணும்! அப்படியானால் அது பாறையிலேயே இருந்த இயற்கைப் பிளவு என்பதுதான் பொருந்துகிறது. சுற்றியிருந்த பாறை நெருக்கிப் பிடித்திருந்தவரை அது மூடியிருக்கும். அதைச் செதுக்கி எடுத்ததும் வாய் திறந்திருக்கும்.

வேலை நின்ற காரணத்துக்கும் விரிசல் தேவையில்லை. மற்ற ரதங்களும் முடியாமல்தான் நிற்கின்றன. மேலிருந்து கீழே செதுக்கும்போது கடைசியில் மிஞ்சுவது அடித்தளம்தானே.

சிமுலேஷன் செய்பவர்களுக்கு இந்தத் தவறு பழக்கமானது. முதல் விரிசல் எங்கே என்று சொல்லாமல் மாடலை ஓட்டினால், கணினி ஏதோ ஒரு அழகான பதிலைத் தரும். கான்கிரீட்டில் இன்னும் சிக்கல், விரிசலுக்குக் கூர்முனையே கிடையாது. ஜல்லி இரு பக்கத்தையும் கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதையும் கணக்கில் சேர்த்தது 1976-ல் ஸ்வீடனின் ஹில்லர்போர்க் குழு. ஃபெர்குசன் புத்தகத்துக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து.

"அனுபவம் போதாத" அந்த ஊரில்தான், சுமார் 30 மீட்டர் நீளப் புடைப்புச் சிற்பத்தின் நடுவே இருக்கும் பாறைப் பிளவைக் கங்கையாக்கி, அதில் நாகங்களை நீந்த விட்டிருக்கிறார்கள். பிளவைப் பார்த்து மிரண்டவர்கள் வேலையாகத் தெரியவில்லை.

அடுத்த முறை பீமன் ரதத்துக்குப் போனால், விரிசலின் இரு ஓரங்களிலும் உளித்தடத்தைப் பாருங்கள். ஒரே தடம் குறுக்கே நேராகத் தாண்டிப் போகிறதா, இல்லை ஓரத்தில் நின்று திசை மாறுகிறதா? நேராகத் தாண்டினால், செதுக்கும்போது அது மூடியிருந்தது.