இலைவட்டு மிதப்புச் சோதனை

இலைவட்டு மிதப்புச் சோதனை என்பது ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜன் வெளிப்படுவதைக் காட்டும் எளிய பள்ளிச் சோதனை ஆகும்.

செய்முறையும் காரணமும்

கீரை இலையிலிருந்து வெட்டிய சிறு வட்டுகள், சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிதளவு கரைத்த நீருடன், ஊசி நீக்கிய சிரிஞ்சுக் குழலில் இடப்படுகின்றன. குழல்வாயை விரலால் அடைத்து உந்துதண்டை இழுத்தால் இலையினுள் உள்ள காற்று வெளியேறும். தண்டை விட்டதும் அவ்விடத்தில் கரைசல் புகுவதால் வட்டுகள் மூழ்கும். ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான கார்பனீராக்சைடைச் சோடா அளிக்கிறது. ஒளியில் உண்டாகும் ஆக்சிஜன் இலையின் இடைவெளிகளில் சேர்வதால் வட்டுகள் மேலெழும். இருட்டில் வைத்தால், சுவாசத்தில் ஆக்சிஜன் செலவாகி அவை மீண்டும் மூழ்கும்.

பாலாற்று நீரும் சோதனையும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றை மாசுபடுத்தியது குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28, 2025 ஜனவரி 30 ஆகிய நாட்களில் தீர்ப்பளித்தது. இக்கழிவுநீரில் உப்பும் குரோமியமும் கலந்திருக்கும். மிகுதியான உப்பு ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும். கலங்கல் ஒளியைத் தடுக்கும். எனினும் வட்டு மிதப்பதை மட்டும் கொண்டு நீர் தூயது எனக் கருதலாகாது. உப்புநீர் அடர்த்தி மிக்கது ஆதலால், ஒளிச்சேர்க்கை குன்றினும் வட்டு எளிதில் மிதக்கக்கூடும். எனவே அதே நீரில், இருட்டில் வைத்த வட்டுகளுடன் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறவேண்டும்.