வாங்காத அதிகாரம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியை எட்டுமுன் வருகிற ஊர் கனகம்மாசத்திரம். வழிநடைக்காரர்களின் ஊர் என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தைவிட்டு நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் முதல் தேதி. அதுகூடப் படாஸ்கர் என்ற மத்தியஸ்தர் இரு தரப்புக்கும் நடுவே நின்று தீர்த்து வைத்த விவகாரந்தான்! அதே சாலையில் இன்னும் மேலே போனால் சந்திரகிரிக் கோட்டை. சென்னைப் பட்டணத்தின் கதை ஒருவகையில் அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டுமானால், முதலில் அதிகாரப் பத்திரம் வேண்டும். ரிஜிஸ்தர் ஆபீஸ் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தவருக்குக்கூட 'ஜெனரல் பவர்', 'ஸ்பெஷல் பவர்' என்ற வார்த்தைகள் பாடமாகிவிடும். ஆனால் 1639-ஆம் ஆண்டு, சோழமண்டலக் கரையில் ஒரு மணல்மேட்டைப் பற்றி எழுதப்பட்ட சாஸனத்தில் சம்பந்தப்பட்ட இருவருமே பிறர் பொருட்டு நின்றவர்கள்.

ஒருவர் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். வந்தவாசியில் இருந்தவர், பூவிருந்தவல்லியில் இருந்த அவர் தம்பி ஐயப்பர்தான் பேச்சை முடுக்கியவர். நாயக்கருக்கு மேலே விஜயநகரத்து வழிவந்த வேங்கடபதி ராயர். மற்றவர் பிரான்ஸிஸ் டே. ஆர்மகானில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை உத்தியோகஸ்தர். அவருக்கு மேலே மசூலிப்பட்டணத்தில் ஆண்ட்ரூ கோகன்; அவருக்கும் மேலே சூரத்து; எல்லாருக்கும் மேலே லண்டன். லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் இங்கே ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிடும். கோட்டை கட்டு என்று லண்டன் சொல்லவே இல்லை.

டே கவலைப்படவில்லை. மதராஸபட்டணத்தில் கோட்டை கட்டிக்கொள்ளவும், ஊரின் வருமானத்தில் பாதியை அனுபவிக்கவும் சாஸனம் வாங்கினார். கோட்டையை நாயக்கரே தம் செலவில் கட்டித் தருவார் என்றுதான் ஆங்கிலேயர் அதைப் படித்துக்கொண்டார்கள். 1640 பிப்ரவரியில் கோகனும் டேயும் கரையிறங்கிக் கேட்டபோது, அப்படி ஒரு வாக்கே கொடுக்கவில்லை என்றுவிட்டார் நாயக்கர்! நடுவே நின்று மொழிபெயர்த்தவர் தடுமாறினாரா, வேண்டியதை மட்டும் காதில் வாங்கும் வியாபாரியின் சுபாவமா? கதை எழுதுகிறவனான எனக்கு இரண்டாவதில்தான் ருசி அதிகம்.

பணம் யார் தருவது? கோட்டை முடியும் வரை செலவாகும் தொகைக்கு வட்டியைத் தாமே கட்டுவதாக முன்னரே சொல்லியிருந்தார் டே. வேலை ஆரம்பமானதும் அந்தப் பேச்சிலிருந்து நழுவிவிட்டார். செலவு கம்பெனியின் தலையில் விழுந்தது. டைரக்டர்கள் முணுமுணுத்தார்கள், கணக்குக் கேட்டார்கள், ஆனால் கோட்டையை இடிக்கச் சொல்லவில்லை.

முன்பின் அதிகாரமில்லாமல் ஒருவன் நம் பெயரால் ஒரு காரியம் செய்தால், பின்னால் நாம் அதை ஒப்புக்கொள்ளலாம், தள்ளியும் விடலாம். ஒப்புக்கொண்டால் முதலிலேயே அதிகாரம் கொடுத்ததாக ஆகிவிடும். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 196-ஆம் பிரிவு சொல்வது இதுதான். அந்தச் சட்டம் பிறக்க இருநூறு வருஷங்களுக்கு மேல் இருந்தபோதே லண்டன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் செய்துவிட்டது.

எதிர்த் தரப்பில்தான் சங்கடம். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் இறந்துபோகும் என்பது அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவு. வேங்கடபதி ராயர் 1642-இல் காலமானார். அடுத்து வந்த ஸ்ரீரங்க ராயருக்கும் தாமர்லா நாயக்கருக்கும் ஆகவில்லை. நாயக்கரின் எழுத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமல்ல என்று ஆங்கிலேயருக்கு விளங்கிவிட்டது. 1645-இல் ஸ்ரீரங்க ராயரிடமே நேராக ஒரு சாஸனம் வாங்கிக்கொண்டார்கள்.

அதன் மை நன்றாக உலர்வதற்குள் கோல்கொண்டாவின் படை இந்தச் சீமையில் நுழைந்தது. 1647-இல் அதன் தளபதி மீர்ஜும்லாவிடம் போய், அதே மணல்மேட்டுக்கு மறுபடியும் ஒரு சம்மதம் வாங்க வேண்டியதாயிற்று.