தன்னை மறுக்கும் தான்

பிறரைப் பற்றிப் பேசுங்காற் பேசுவோன் வேறு, பேசப்படுவோன் வேறு. தன்னைப் பற்றிப் பேசுங்காலோ இரண்டும் ஒன்றாகின்றன. 'நான் இல்லை' என ஒருவன் கூறின், அங்ஙனம் கூறுதற்கே அவன் வேண்டும். மெய்யியல் வரலாற்றில் இவ்வுண்மை பன்முறை உணரப்பட்டது.

மறுப்பவன் எவனோ அவனே ஆன்மா என்றார் பிரம சூத்திர உரையிற் சங்கரர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், உடல் முதலியவற்றை 'இது நானன்று' என விலக்கிச் செல்லும் அறிவையே உயிருண்மைக்கு முதற் சான்றாகச் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தில் வைத்தார். 'எனது உடல்' என்னும் வழக்கும் உடையவன் உடலின் வேறென்பதைக் காட்டும் என்றார். ஐயுறுபவன் உளன் என்பதை ஐயுறல் இயலாதெனப் பிரான்சிய அறிஞர் டேக்கார்ட் 1637இல் எழுதினார்.

தொடக்கம் ஒத்ததாயினும் முடிவு ஒத்ததன்று. சங்கரர் கண்ட தான் பிரமமே. டேக்கார்ட் கண்டது சிந்திக்கும் பொருள். மெய்கண்டார் கண்ட உயிரோ சார்ந்ததன் தன்மையை எய்துவது. தானே அறியாது, அறிவிக்க அறிவது. 1739இல் ஹியூம் தம்முள் நோக்கி, மாறிமாறி வரும் உணர்வுகளன்றித் தனியொரு தானைக் கண்டிலர். ஆயினும் நோக்கியவர் யார் என்னும் வினா எஞ்சி நின்றது.

ஆதலின், தன்னைத் தானே சுட்டும் அவ்வாதம் 'தான் உண்டு' என்பதளவில் நின்றுவிடும். அஃது எத்தன்மைத்து என்பதை உரையாது. 'ஆன்மா' என்னும் ஒரு சொல்லால் நூலோர் வெவ்வேறு பொருள் குறித்தனர். அச்சொல்லைக் காணுமிடந்தோறும் எப்பொருள் கருதப்பட்டதென வினாவுதலே இந்நூல்களைக் கற்போர்க்கு முதற் கடன்.