தேநீரும் திறந்த செவியும்

தற்கொலை முயற்சி இங்கிலாந்தில் குற்றமாயிருந்த காலம். 1953 நவம்பர் 2ஆம் நாள், இலண்டன் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில், ஆங்கிலிக்கன் குரு சாட் வாரா, வாழ்வை வெறுத்தோர்க்கான தொலைபேசிப் பணியைத் தொடங்கினார். தம்மைக் காணக் காத்திருந்தோர்க்குத் தேநீர் அளித்து உரையாடத் தன்னார்வலர்களை அமர்த்தினார். அவர்களிடம் மனம் திறந்தோர் பலர், குருவைக் காணாமலே ஆறுதலுடன் திரும்பினர். இதையுணர்ந்த வாரா, 1954இல் அப்பணியை அவர்களிடமே ஒப்படைத்தார். இதுவே ‘சமாரியர்’ இயக்கம். 1961இல் அக்குற்றச் சட்டமும் நீங்கியது.

1970இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ‘நைட்லைன்’ தோன்றியது. இரவின் தனிமையில் தவிக்கும் மாணவருக்கு மற்றொரு மாணவரே செவிமடுப்பார். பெயர் கேட்பதில்லை, அறிவுரை புகட்டுவதில்லை. சென்னையில் 1986இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சினேகா’வும் செவிமடுத்தலையே பணியாகக் கொண்டது.

நம் இல்லங்களில் நிகழ்வதென்ன? தேர்வில் தவறிய மகன் வாய் திறக்குமுன் நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். கல்லூரிப் பணியில் சோர்ந்த மகளிடம், ‘செபித்தால் சரியாகும்’ என்று முடித்துவிடுகிறோம். மனநோய்க்கு மருத்துவம் தேவை; ஐயமில்லை. ஆயினும் மருத்துவரை நாடும் துணிவு, முதலில் பொறுமையுடன் கேட்ட ஒருவராலேயே பலருக்கும் பிறக்கிறது. அந்த ஒருவராவதற்குக் குருப்பட்டம் தேவையில்லை என்பதை அன்றைய தேநீர்த் தன்னார்வலர்களே நமக்குக் காட்டிச் சென்றனர்.