ஓசூர் சுசுகி: டூ-ஸ்ட்ரோக் தலைமுறைகள்

ஓசூர் சுசுகி என்று இக்கட்டுரை குறிப்பது, ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் டிவிஎஸ் குழுமம் செய்துகொண்ட தொழில்நுட்பக் கூட்டின் பேரில் 1984 முதல் ஓசூரில் உருவான டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களை. இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, சுப்ரா, சாமுராய், மேக்ஸ் 100, ஷோகன், ஷாவோலின் ஆகியவை இவ்வரிசையில் அடங்கும். பழைய வண்டி சேகரிப்போர் இவற்றை ஜப்பானிய வண்டிகள் என்றே பேசுகிறார்கள். எண்ணம் ஜப்பானுடையது என்றாலும் வார்ப்பும் கடைசலும் பூட்டலும் நடந்த இடம் ஓசூர். தலைமுறை ஏற ஏற ஓசூரின் பங்கும் ஏறியது.

தோற்றம்

மதுரையில் 1911-இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய பேருந்துத் தொழிலிலிருந்து கிளைத்தது டிவிஎஸ் குழுமம். அதன் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1960களில் சென்னை பாடியில் லாரிகளுக்கான ஏர் பிரேக் செய்துவந்தது. அதன் மொபெட் பிரிவுக்கு ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. இருவர் ஏறிப்போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டான டிவிஎஸ் 50, 1980-இல் இங்கிருந்துதான் வெளிவந்தது.

ஓசூரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. அன்றைய தருமபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கிய பகுதி என்பதால் அரசு மானியம் கிடைத்தது. சிப்காட் வளாகத்தில் நிலமும் மின்சாரமும் இருந்தன. எல்லைக்கு அப்பால் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே பொதுத்துறை ஆலைகளில் பழகிய டர்னர்களும் ஃபிட்டர்களும் டூல் ரூம் ஆட்களும் இருந்தார்கள். அசோக் லேலண்டும் 1980-இல் இங்கே ஆலை திறந்தது. ராகியும் நிலக்கடலையும் விளைந்த காட்டில் பத்தே ஆண்டில் ஷிப்ட் சங்கு ஊதத் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் பிரிந்தது. அதனால் இவ்வண்டிகள் பிறந்த மாவட்டம் தருமபுரி என்று எழுதுவதே சரி.

1980களின் தொடக்கத்தில் நடுவண் அரசு, 100 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அனுமதித்தது. அடுத்தடுத்து வந்த நான்கு இந்திய-ஜப்பானிய வண்டிகளும் நூறு சிசியிலேயே நின்றதற்குக் காரணம் இந்த வரம்புதான். அவற்றில் முந்தியது ஓசூர். 1984-இல் ஏஎக்ஸ் 100, 1985-இல் எஸ்கார்ட்ஸின் யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100, அதன் பின் கவாசாகி பஜாஜ் கேபி 100. இன்று ஆர்எக்ஸ் 100-இன் பெயரே எங்கும் ஒலிக்கிறது. சாலைக்கு முதலில் வந்தது ஏஎக்ஸ் 100 என்பதை எந்தச் சேகரிப்பாளரும் மறக்கலாகாது. அதுவரை புல்லட், ராஜ்தூத், மைசூரில் செய்த யெஸ்டி ஆகியவற்றின் எடைக்குப் பழகிய கைகளுக்கு, ஒரே உதையில் கிளம்பி ஒரு கையால் தள்ளிப்போகக்கூடிய இந்த வண்டி புதுமையாக இருந்தது.

வகைப்பாடு

தலைமுறையை டேங்கில் ஒட்டிய பெயரை வைத்துப் பிரிப்பவர்கள் உண்டு. அது பிழை. பெயர்ப்பட்டையைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். சிலிண்டரின் உள்விட்டமான போரும் பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக்கும் பொய் சொல்லாது. அந்த அளவுகோலில் தலைமுறைகள் மூன்று.

முதல் தலைமுறை 98.2 சிசி. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. இரண்டும் ஒரே அளவாக இருப்பதால் இதைச் சதுர இன்ஜின் என்பர். இத்தலைமுறைக்குள் ஓர் உட்பிரிவு உண்டு. டேங்கில் இண்ட்-சுசுகி என்று எழுதிய வண்டிகள், 1986-இல் மொபெட் பிரிவும் இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிள் நிறுவனமும் ஒன்றாகி டிவிஎஸ்-சுசுகி என்று பெயர் மாறுவதற்கு முந்தியவை. இரண்டே ஆண்டுகள் நீடித்த பெயர் அது. சேகரிப்பில் முதல் மதிப்பு இந்த வண்டிகளுக்கே தரவேண்டும். பின்னால் வந்த சாமுராய், ‘நோ பிராப்ளம்’ என்ற விளம்பரத்தால் வீடுகளுக்குள் நுழைந்தது. மேக்ஸ் 100 பால் கேனும் தீவன மூட்டையும் சுமந்து ஊர்ப்பக்கம் போனது. இரண்டும் நல்ல உழைப்பாளிகள். ஆனால் வேகத்தை நோக்கிப் பிறந்த வண்டிகள் அல்ல என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இரண்டாம் தலைமுறை ஷோகன், 1993-ஐ ஒட்டி வந்தது, 108.2 சிசி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் 52.5 மி.மீ. ஆக்கினார்கள். இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் பத்து சிசி கூடியது. சக்தி சுமார் 14 குதிரைத்திறன். 11 குதிரைத்திறன் கொண்ட ஆர்எக்ஸ் 100-உடன் ஒப்பிட்டால் இதன் எடுப்பு புரியும். சிசியைக் கூட்டியதால் மட்டும் இந்தச் சக்தி வரவில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வின் வேலையைச் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுகளே செய்கின்றன. அவற்றின் உயரம், அகலம், வெளியேறும் புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பும் சைலன்சரின் வயிற்றுப்பகுதி ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் சுற்றில் வண்டி திடீரென்று விழித்துக்கொள்ளும். கீழ்ச்சுற்றில் சாதுவாக முனகும் ஷோகன், முள் மேலே ஏறியதும் குரல் மாறிக் கூர்மையாகக் கத்திக்கொண்டு முன்சக்கரத்தை லேசாக்கும். நான்கு கியர்தான். ஒவ்வொரு கியரிலும் அந்தக் குரல் மாறும் இடம் வரை பிடித்து மாற்றத் தெரிந்தவருக்கே வண்டி வசப்படும். இவ்வரிசையின் உச்சம் ஷோகனே. இதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை.

மூன்றாம் தலைமுறை ஷாவோலின், 1990களின் பிற்பகுதி, 138.2 சிசி, ஐந்து கியர். நெடுஞ்சாலையில் ஷோகனைவிட நிதானமானது. ஓட்டத்துக்கு இதமாக இருந்தும் ஷோகன் தந்த பரபரப்பு இதில் இல்லை. 2000-இல் வந்த 147.5 சிசி ஃபியரோ ஃபோர்-ஸ்ட்ரோக் ஆதலால் இவ்வரிசையில் சேராது.

பெயர்க்குழப்பம் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தோனேசியாவில் சுசுகி விற்ற ஷோகன் வேறு. அது ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் இடைப்பட்ட ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. அமெரிக்காவில் சுசுகி சாமுராய் என்றால் ஜீப். பெயரை மட்டும் நம்பி வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரவழைத்தால் பணம் வீண். மாறாக ஏஎக்ஸ் 100 கொலம்பியாவிலும் சீனாவிலும் நெடுங்காலம் ஓடிய வண்டி. முதல் தலைமுறைக்கு அங்கிருந்து பாகம் தேடுவதில் பொருள் உண்டு. ஆனாலும் வாங்குமுன் அளந்து பார்க்கவேண்டும்.

சேகரிப்போர் கவனிக்க

முதலில் சிலிண்டர். ஒவ்வொரு முறை போர் அடிக்கும்போதும் கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் ஏறும். நான்கு முறை அடித்தால் ஒரு மில்லிமீட்டர். அதற்குமேல் ஸ்லீவ் மாற்றவேண்டும். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் 25, 50, 75, 100 என்ற எண் பொறித்திருக்கும். கார்பனைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் வண்டியின் வயது தெரிந்துவிடும். எண் எதுவும் இல்லாத ஸ்டாண்டர்ட் பிஸ்டனோடு ஒரு ஷோகன் கிடைத்தால் விலை பேசத் தயங்கவேண்டாம்.

அடுத்தது போர்ட். வேகத்துக்காக அரத்தால் ராவி உயர்த்திய போர்ட்டின் விளிம்பு விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டும். ஆலையில் வந்தபடி இருந்தால் வழவழப்பாக இருக்கும். ஓட்டுவதற்கு ராவியது இனிது, சேகரிப்புக்கு ராவாததே மதிப்பு. கார்புரேட்டர் ஜெட்டையும் பார்க்கவேண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். சென்னையில் ஜெட் பார்த்த வண்டி இங்கே காற்று மெலிவதால் சற்றுக் கூடுதலாகப் புகையும். அதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து இறக்கவேண்டாம்.

மூன்றாவது, ஆர்சி புத்தகம். 1989-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவான வண்டிகளுக்கு மூன்றெழுத்து வரிசை எண்தான் உண்டு. 1985 மாடல் ஏஎக்ஸ் 100-இல் டிஎன் எழுத்தை அடுத்து எண் வரும் பலகை இருந்தால் இடையில் மறுபதிவு நடந்திருக்கிறது. எல்லையூர் என்பதால் கர்நாடகப் பதிவு வண்டிகள் ஓசூர்ப் பட்டறைகளில் தாராளமாக நிற்கும். அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து வாங்கினால் அங்குள்ள ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே வரி கட்டி, பதிவை மாற்றவேண்டும். சான்று இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக்கூடாது. இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு பொருந்தவேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

முடிவும் இன்றைய நிலையும்

2000-இல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் டூ-ஸ்ட்ரோக்கின் வழி அடைபட்டது. 2001-இல் சுசுகி தன் சுமார் 26 விழுக்காட்டுப் பங்கை விற்று விலகியது. நிறுவனம் டிவிஎஸ் மோட்டார் ஆனது. தானே வடிவமைத்த விக்டரை அதே ஆண்டு வெளியிட்டது. இன்று அந்த ஓசூர் ஆலையில் பிஎம்டபிள்யூ-வுக்கான வண்டிகளும் ஐக்யூப் மின்ஸ்கூட்டரும் உருவாகின்றன. ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளி அருகே ஓலாவும் மின்வண்டி செய்கின்றன. 2021-இல் வந்த நடுவண் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே ‘விண்டேஜ்’ பதிவு கிடைக்கும். 1984-இல் பதிவான ஏஎக்ஸ் 100-க்கு அத்தகுதி 2034-இல் வரும்.